தோட்டத்துத் தேவாலயத்துக்கு கேஸ் ஹீட்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கிறிஸ்மஸுக்கு முந்தின வருகைக் காலம் நெருங்கும்போது இலங்கை மலையகத்துச் சபைக் கூட்டங்களில் ஒரு பேச்சு எழும்: வயதானவர்கள் குளிரில் நடுங்குகிறார்கள், ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கிப் போட்டால் என்ன? வாங்கலாம். ஆனால் அது ஆலயத்தையே சூடாக்கிவிடும் என்று நம்பி வாங்கக்கூடாது. அது ஐந்தாறு பேரைச் சூடாக்கும் சாமான். அந்த ஐந்தாறு பேர் யார், எங்கே உட்காருவார்கள் என்று முதலிலேயே தீர்மானித்த சபைக்கு நல்ல கொள்முதல். தீர்மானிக்காத சபைக்கு வீண் செலவு.

இங்கே பேசுவது சக்கரம் வைத்த தகரப் பெட்டி ஹீட்டரை. பின்பக்கம் சிலிண்டர் உட்காரும். முன்பக்கம் மூன்று பீங்கான் தகடுகள் சிவந்து எரியும். மூன்றும் எரிந்தால் ஏறத்தாழ 4.2 கிலோவாட் சூடு. மணிக்கு 300 கிராம் கேஸ் போகும். ஒரு தகடு மட்டும் எரிந்தால் அதில் மூன்றில் ஒன்று. 12.5 கிலோ சிலிண்டர் முழு எரிப்பில் 40 மணி நேரம் வரை வரும். வருகைக் கால ஞாயிறு நான்கு, கிறிஸ்மஸுக்கு இரண்டு ஆராதனை, வருடக் கடைசிக்கும் புதுவருடத்துக்கும் இரண்டு, ஜனவரி பெப்ரவரி ஞாயிறுகள் எட்டு என்று வைத்தால், ஆராதனைக்கு இரண்டு மணி நேரப்படி 32 மணி நேரம். ஆக ஒரு ஹீட்டருக்கு ஒரு சிலிண்டர் பருவம் முழுவதும் போதும். அந்தச் சிலிண்டரை நவம்பரிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற யாருக்கும் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆலயம் ஏன் சூடாகாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 18 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், சராசரி 7 மீற்றர் உயரம் உள்ள சின்ன ஆலயத்துக்குள் ஆயிரம் கன மீற்றர் காற்று இருக்கிறது. காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 12 பாகைக்கு மேல் ஏற வேண்டும். ஏறாது. இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த கருங்கற் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். மிச்சம் கூரைக்குப் போய் ஓட்டிடுக்கால் வெளியேறும். இந்தக் கட்டட அமைப்பு வெள்ளைக்காரர் காலத்தது. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டையானது 1852இல். டிக்கோயா வார்லியில் கிறிஸ்து தேவாலயம் எழுந்தது 1878இல். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாகச் சபைகளை வளர்த்த காலமும் இதுதான். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்க் கிராமத்துக் கோவில் சாயலிலேயே கட்டினார்கள். உயர்ந்த கூரையும் கனத்த சுவரும் வந்தன, சூடாக்கும் ஏற்பாடு மட்டும் பொதுவாகக் கூட வரவில்லை. இங்கிலாந்துக் கிராமச் சபைகளே இப்போது அந்தப் பெரிய வெளியைச் சூடாக்கும் முயற்சியைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. வாங்கின் (பெஞ்சின்) அடியில் சின்ன மின் ஹீட்டர் பொருத்துகிறார்கள். சில சபைகள் குளிர் மாதங்களில் ஆராதனையைப் பக்கத்து மண்டபத்துக்கே மாற்றிக்கொள்கின்றன. கட்டடத்தை விட்டுவிட்டு ஆட்களைச் சூடாக்கு என்பதுதான் அங்கே எட்டிய முடிவு. நமக்கும் அதுவே சரி.

ஆட்களைச் சூடாக்குவதில் ஹீட்டருக்கு முன்னால் மூன்று காரியங்கள் வருகின்றன. மூன்றும் மலிவு.

முதலாவது உட்காரும் முறை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறத்தாழ 100 வாட் சூடு வெளியேறும். நாற்பது பேர் சேர்ந்தால் 4 கிலோவாட், அதாவது ஒரு முழு ஹீட்டர். நாற்பது பேரும் ஆலயம் முழுக்க ஆங்காங்கே சிதறி, தூணோரம் ஒருவர், கதவோரம் இருவர் என்று உட்கார்ந்தால் அந்தச் சூடு யாருக்கும் உதவாது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பின்வரிசை வாங்குகளைக் கயிறு கட்டி மூடிவிட்டு, எல்லோரையும் முன் ஆறு வரிசையில் தோளோடு தோள் உட்கார வைக்க வேண்டும். சுவரோர இடத்தை விட்டு நடுவில் அமர்த்த வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் இருப்பவரின் உடம்புச் சூட்டைக் கல்லே இழுக்கும். பரம்பரையாகத் தங்களுக்கென்று ஒரு வாங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் முகம் சுளிக்கும். குருவானவரே ஒரு ஞாயிறு முன்னதாக அறிவித்துவிட்டால் பிரச்சினை குறையும். பாட்டும் இதனால் சிறக்கும். முப்பது பேர் நெருங்கி நின்று பாடுவதற்கும் சிதறி நின்று பாடுவதற்கும் உள்ள வித்தியாசம் முதற்பாட்டிலேயே கேட்கும்.

இரண்டாவது தரை. நம் சபைகள் பலவற்றில் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகிறோம். வெறுங்காலோடு ஒன்றரை மணி நேரம் சீமெந்துத் தரையில் நின்றும் முழங்காலிட்டும் இருப்பவருக்கு மேலிருந்து எவ்வளவு சூடு அடித்தாலும் நடுக்கம் போகாது. தடித்த தும்பு விரிப்பை வாங்குகளுக்கிடையில் கால் வைக்கும் இடத்தில் மட்டும் போட்டால் போதும். நடைபாதைக்கு வேண்டாம், அங்கே யாரும் நிற்பதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் அளவெடுத்து வெட்டி, ஓரத்தைத் தைத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் பிரிந்துவிடும். ஈரம் பிடிக்கும் சாமான் என்பதால் திங்கட்கிழமையே சுருட்டி எடுத்து, வெயில் கண்ட நாளில் உலர்த்த வேண்டும். உலர்த்தாமல் கிடந்த விரிப்பின் வாடை நற்கருணை நேரம் முழுக்க மூக்கில் நிற்கும். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் ஹீட்டரை விட்டுவிட்டு விரிப்பை வாங்குங்கள்.

மூன்றாவது தேநீர். நூறு பேருக்கு 150 மில்லிப்படி 15 லீட்டர் தண்ணீர். அதைக் கொதிக்கவைக்க 200 கிராமுக்குச் சற்று மேல் கேஸ் போகும். ஹீட்டர் முக்கால் மணி நேரத்தில் எரிக்கும் அளவு அது. அதே கேஸில் நூறு பேர் கையிலும் வயிற்றிலும் சூடு! 15 லீட்டருக்கு 200 கிராம் தேயிலை, 300 கிராம் இடித்த இஞ்சி, சீனி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சாயம் இறங்கச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். இஞ்சியைத் தண்ணீரோடு சேர்த்தே கொதிக்க விட்டு, தேயிலையை இறக்கும்போது போட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்கலாம். ஆராதனை முடிந்து எல்லோரும் பனியில் கலைந்து ஓடுவதற்குப் பதிலாக அரை மணி நேரம் நின்று பேசுவதற்கு இந்தப் பிளேன்டீதான் காரணம். எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) யாருக்குச் சுகமில்லை, கரோல் சுற்று எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் முடிவாகும். ஹீட்டரும் உண்மையில் பலன் தருவது இங்கேதான்: தேநீர் ஊற்றும் மண்டபத்தில், கதவைத் திறந்து வைத்து, வயதானவர்களின் கதிரைகளை அரைவட்டமாகப் போட்டு.

இவை மூன்றும் முடிந்தபின் ஹீட்டர். ஆலயத்துக்குள் அதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு: முன்வரிசையின் ஒரு ஓரம், முதியவர்கள் உட்காரும் பக்கம், முழங்காலிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி. நடைபாதையில் வைத்தால் நற்கருணைக்கு வரும் வரிசையில் சேலை முந்தானை உரசும். பீடத்தருகே வைத்தால் அங்கியும் பீடத் துணியும் ஆபத்தில். பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வைக்கோலும், பனி என்று ஒட்டும் பஞ்சும், கிரேப் கடதாசியும் ஒரு நொடியில் பற்றும். முன்கூட்டியே மூன்று மணி நேரம் வெறும் ஆலயத்தில் எரிய விடுவதாலும் பயனில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லீட்டருக்கு மேல் தண்ணீர் நீராவியாகக் காற்றில் சேரும். அது குளிர்ந்த சுவரிலும் ஜன்னல் கண்ணாடியிலும் படிந்து, பாட்டுப் புத்தகத்துக்குப் பூஞ்சணமாகவும், ஆர்மோனியத்தின் தோலுக்கும் கட்டைக்கும் ஊறலாகவும் வரும். மக்கள் உள்ளே வந்தபின் பற்றவைத்து, ஆசீர்வாதத்தோடு அணைத்துவிட்டு, மூடுபனி விலகியதும் கதவு ஜன்னல்களை அரை மணி நேரம் திறந்து விடுங்கள்.

பற்றவைப்பதற்குப் பொறுமை வேண்டும். ரெகுலேட்டரை மாட்டியதும் சவர்க்கார நுரையைப் பூட்டுவாயிலும் குழாயின் இரு முனையிலும் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ரப்பர் வாஷரை மாற்றாமல் தொடரக்கூடாது. ஹீட்டரின் திருகு குமிழைப் பைலட்டுக்கு (முதலில் பிடிக்கும் சின்னச் சுடருக்கு) திருப்பி, முழுதாக அழுத்திப் பிடித்தபடி பொறிப் பொத்தானை அடிக்க வேண்டும். சுடர் பிடித்தபின்னும் 20, 30 வினாடி விடாமல் அழுத்த வேண்டும். பலர் ஐந்து வினாடியில் கையை எடுத்துவிட்டு, ஹீட்டர் பழுது என்கிறார்கள். அவ்வளவு நேரம் பிடித்தும் கையை எடுத்ததும் அணைந்தால், சுடருக்குள் நிற்கும் தேமோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) முனையில் கரி படிந்திருக்கும், அல்லது அது சுடரை விட்டு விலகியிருக்கும். சுடர் மஞ்சளாகவும் சோம்பலாகவும் எரிந்தால் காற்றுத்துளையில் தூசோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். எட்டொன்பது மாதம் வெஸ்ட்ரி (குருவானவர் உடை மாற்றும் அறை) மூலையில் கிடந்த ஹீட்டருக்கு இது வழக்கமான நோய். கேஸ் பழுதுபார்ப்பவரைக் கொண்டு நவம்பரில் ஒரு முறை சுத்தம் செய்துவிட வேண்டும்.

உயரம் ஒரு தனிப் பிரச்சினை, விற்பவர்கள் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். நல்ல ஹீட்டரில் ஒட்சிசன் குறைந்தால் தானாக அணைக்கும் பாதுகாப்பு இருக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தமே கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சில மாதிரிகள் கதவு திறந்திருந்தாலும் அடிக்கடி அணையும். கையேட்டில் உயர வரம்பு எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். உயரம் குறைந்த ஹட்டனுக்குச் சரிவருவது உயரமான கந்தப்பளைக்குச் சரிவராமல் போகலாம். அணைகிறதே என்று அந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிடும் கைவேலைக்காரர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒட்சிசன் போதாமல் எரியும்போது வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நள்ளிரவு ஆராதனையில் பாயில் தூங்கும் பிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லக்கூடத் தெரியாது. மூடிய வெஸ்ட்ரிக்குள் ஹீட்டர் வேண்டாம். கரிச் சட்டி அதைவிட மோசம், எந்த அறைக்குள்ளும் வேண்டாம்.

குளிர் கூடின நாளில் சுடர் சிறுத்துப்போவதும் நடக்கும். வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில்தான் உறைபனி விழும். அடுத்த நாள் காலை ஆராதனைக்குச் சிலிண்டரும் சில்லிட்டிருக்கும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. புரொப்பேன் முதலில் ஆவியாகிப் போக, கடைசி மூன்றில் ஒரு பங்கில் பெரும்பாலும் பியூட்டேன்தான் மிஞ்சும். குளிரில் அது மெதுவாகவே ஆவியாகும். சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பதும் அடுப்போரம் வைப்பதும் விபத்துக்கு வழி. முந்தின இரவே காற்றோட்டமுள்ள, சற்று வெதுவெதுப்பான கட்டடத்துக்குள் வைத்து, இரண்டு தகடு மட்டும் எரித்தால் சமாளிக்கலாம். 5 கிலோ சிலிண்டர் இன்னும் சீக்கிரம் சில்லிடும் என்பதால் அதை வாங்க வேண்டாம்.

மின் ஹீட்டரில் சிவந்து எரியும் குவாட்ஸ் குழாய் வகை நல்லது: உடனே சூடு, ஈரம் இல்லை, புகை இல்லை. ஆனால் 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். பழைய 5 ஆம்பியர் பிளக்குப் புள்ளியில் செருகினால் வயர் கருகும். புதிதாக வயரிங் செய்த ஆலயம் என்றால், கேஸை விட இதையே சுவரில் உயரப் பொருத்தச் சொல்வோம். மழையும் காற்றும் மரத்தைச் சாய்த்துக் கரண்டைப் பறிக்கும் ஊவாப் பக்கத்து டிசம்பருக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் சூடேறுவதற்குள் பிரசங்கம் முடிந்துவிடும்.

பங்களாக்களிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் பழைய ஹீட்டர் நன்கொடையாக வந்தால், பீங்கான் தகட்டில் கீறல் இருக்கிறதா, ரப்பர் குழாயை மடித்தால் வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வெளியில், கூரையில்லாத இடத்தில் அரை மணி நேரம் எரிய விட்டுப் பாருங்கள். தகடு கீறியதை ஏற்கவே வேண்டாம். குழாயும் வாஷரும் பழையதாக இருந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், அது பெரிய செலவில்லை.