ஒரே நாளில் நிறுத்தச் சொன்ன மனச்சோர்வு மாத்திரை: ஓர் எச்சரிக்கை

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இதை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குறை கூறுவது மருந்தை அன்று. அதை ஒரு வார்த்தை விளக்கமும் இன்றிக் கொடுத்து, அதேபோல ஒரு வார்த்தை விளக்கமும் இன்றி நிறுத்தச் சொன்ன மருத்துவமனையைத்தான்.

வேலை போன பிறகு தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்த என் தம்பியை எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நெடுநேரம் காத்திருந்து உள்ளே போனதும் சில நிமிடங்களில் பேச்சு முடிந்துவிட்டது. குடிக்கும் வழக்கம் உண்டா என்று கேட்கவே இல்லை. அங்கேயே இருந்த மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்து, பெயர் அச்சிட்ட பகுதியைத் தாங்களே வைத்துக்கொண்டு, மீதியைக் காகித உறையில் போட்டு, மேலே 0-0-1 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அது எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனாசெபாம் 0.5 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மாத்திரை என்பதைப் பின்னர் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். முதலாவது மனச்சோர்வுக்கான மருந்து. பல மாதங்கள் தொடர வேண்டியது. இரண்டாவதோ பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் பென்சோடயசெபைன் வகை. சில வாரங்களுக்கு மேல் நாள்தோறும் எடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும்போது ஒன்றைத் தொடர்ந்துகொண்டு மற்றதை மட்டும் குறைக்க வழியே இல்லை. ஆனாலும் நம் நாட்டில் இந்தக் கூட்டு மாத்திரை வெகு சாதாரணமாக எழுதித் தரப்படுகிறது.

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தம்பி தூங்கினான், வேலை தேடத் தொடங்கினான். ஆனால் பகலெல்லாம் அசதி, வாய் வறட்சி, எதிலும் ஒட்டாத ஒரு மந்தம். அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. கல்யாணம், திருவிழா என்று எப்போதாவது குடித்தவனுக்கு மாலையானதும் குடிக்கத் தோன்றியது. இதை மறுபடி பார்க்கப் போனபோது சொன்னோம். "அது மனக்கட்டுப்பாடு இல்லாததால்" என்பதுதான் பதில். எஸ்சிட்டலோபிராம் வகை மருந்து தொடங்கிய பின் குடிவேட்கை ஏற்பட்ட 93 பேரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2014இலேயே வெளிவந்திருக்கிறது. மருந்துதான் காரணம் என்று அதை வைத்து அறுதியிட முடியாது. பெரும்பாலோருக்கு இப்படி நேர்வதும் இல்லை. ஆனால் குளோனாசெபாமும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கும் அபாயம் உண்டு என்பதில் ஐயமே இல்லை. அந்த எச்சரிக்கையாவது வந்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, நன்றாக இருப்பதாகத் தம்பி சொன்னதும், "அப்படியானால் நாளை முதல் வேண்டாம்" என்றார் மருத்துவர். மூன்றாம் நாளே தொடங்கிவிட்டது. "கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிக்குது அக்கா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலைசுற்றல், குமட்டல், வியர்வை, விடிய விடியத் தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல். குடித்தால் மட்டும் நடுக்கம் சற்று அடங்கியது. அதற்கு உடலியல் காரணம் உண்டு: குளோனாசெபாமும் மதுவும் மூளையில் காபா என்னும் ஒரே அமைப்பின் வழியாகவே அமைதி தருபவை. ஒன்றைத் திடீரென்று பிடுங்கினால் உடல் மற்றொன்றைத் தேடுகிறது.

அதே மருத்துவமனையில் முதலில் நோய் திரும்பிவிட்டது என்றார்கள். மது வாடை தெரிந்ததும் குடிநோயாளி என்று எழுதி மறுவாழ்வுப் பிரிவில் சேர்த்தார்கள். பழைய மாத்திரை நின்ற தேதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னதையும் குறிப்பில் ஏற்றவில்லை.

பிறகு தம்பியை அழைத்துச் சென்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் முதலில் கேட்ட கேள்வியே மாத்திரை எப்போது நின்றது என்பதுதான். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்லத் திரும்பும். மருந்து நின்ற சில நாட்களிலேயே, முன்பு இல்லாத தலைசுற்றலும் மின்னதிர்வும் வந்து, மருந்தைத் திரும்பக் கொடுத்ததும் விரைவில் தணிந்தால் அது மருந்து விலகல். குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்றும் சொன்னார். இரண்டு மருந்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பல மாதங்களில் படிப்படியாகக் குறைத்தார்; கடைசிக் கட்டத்தில்தான் அளவு மிகச் சிறிது சிறிதாக இறங்கியது. சிறிய அளவு எஸ்சிட்டலோபிராமே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுவதால் கடைசி அரை மாத்திரையை விடுவதுதான் கடினம் என்பது அவர் தந்த விளக்கம். பிரிட்டனின் மனநல மருத்துவர் கழகம் இந்த விலகல் சிலருக்குக் கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்று 2019இல் ஏற்றுக்கொண்டது. அதைத் தெரிந்துவைத்திருக்க நம்மூர் மருத்துவருக்கும் கடமை உண்டு. தம்பி இப்போது மருந்தும் இல்லாமல் மதுவும் இல்லாமல் வேலைக்குப் போகிறான்.

எனவே உறையில் போட்டுத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். பெயரும் அளவும் தெரியும்படி அட்டையையும் ரசீதையும் கேளுங்கள். கூட்டு மாத்திரையா, எத்தனை நாளைக்கு, நிறுத்துவது எப்படி என்று முதல் நாளே கேளுங்கள். குடிக்கும் வழக்கம் இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் நமக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமையையும், சிகிச்சை ஆவணங்களைப் பெறும் உரிமையையும் தந்திருக்கிறது. மருந்து நின்று அவதிப்படுபவர்கள் இரவு பகல் எந்நேரமும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். வலிப்போ குழப்பமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் 108ஐ அழையுங்கள்.

தம்பியின் ஆவணங்களைக் கேட்டு அந்த மருத்துவமனைக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்திருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை. வராவிட்டால் அதே சட்டத்தின்கீழ் உள்ள மனநல மறுஆய்வு வாரியத்திடம் புகார் அளிக்கவிருக்கிறோம். அங்கே இதே கூட்டு மாத்திரையை வாங்கியவர்கள் தங்கள் உறைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.