எச்சரிக்கை: ‘பாவா ஸ்டைல்’ வீடு கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன கிழமை யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு வளவு வாசலில், எங்கள் வீட்டைக் கட்டிய அதே ஆட்களின் பெயர்ப்பலகையைக் கண்டேன். உள்ளே பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பாதி இடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பெயர் போடப் போவதில்லை. வழக்குப் போடுவோம் என்று ஏற்கெனவே ஒருமுறை வெருட்டிவிட்டார்கள். ஆனால் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களின் காசில் ஊரில் வீடு கட்டப் போகிறவர்கள் இதை வாசித்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.

நல்லூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு பரப்புக் காணி. அதில் அப்பப்பா கட்டிய நாற்சார் வீடு, நடுவில் முற்றமும் நாலு பக்கமும் கட்டடமுமான பழைய வீடு, நின்றது. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு, ஓய்வெடுத்ததும் இங்கே வந்துவிட வேண்டும் என்று ஆசை. திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா என்று பேசிக்கொண்டிருந்த நேரம், 2022 கடைசியில், தெரிந்தவர் ஒருவர் மூலம் இவர் வந்தார். “ஆர்க்கிடெக்ட்” என்று அறிமுகம். பத்து நிமிடம் வளவைச் சுற்றினார், போனில் படம் எடுத்தார். மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும், பின்னேர வெயில் எங்கே விழும், கிணறு கோடையில் எவ்வளவு இறங்கும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் படம் வந்தது. வாசலில் கறுப்புக் கார், இரண்டு மாடி உயரக் கண்ணாடி, பின்னால் இந்த ஊரில் ஒருநாளும் காணாத ஊதா நிற வானம். “இது பாவா ஸ்டைல் அக்கா. நடுவில கோர்ட்யார்ட் இருக்கு. யாழ்ப்பாணத்தில இப்பிடி ஒண்டு இன்னும் இல்லை.” பாவா என்பவர் இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். அண்ணா அன்றிரவே வீடியோ கோலில் ஓம் சொல்லிவிட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் படத்தை நானும் நாலைந்து பேருக்கு அனுப்பினேன்.

3,200 சதுர அடி, சதுர அடிக்கு 16,000 ரூபா, மொத்தம் 5 கோடி 12 லட்சம். சாமான் பட்டியல் புத்தகம் மாதிரி இருந்தது. பைப், ஷவர், கதவுப் பிடி, மின்குமிழ் எல்லாவற்றுக்கும் கொம்பனிப் பெயர், மொடல் இலக்கம், நிறம். அத்திவாரத்துக்கும் பிளேட்டுக்கும் (கொன்கிறீட் தளத்துக்கு இங்கே சொல்லும் பெயர்) மட்டும் ஒரே ஒரு வரி: “கொன்கிறீட் வேலை, மொத்தமாக.” தண்ணீர்ப் பைப்புக்கு ஜேர்மன் பெயர் இருந்தது. மணல் எங்கிருந்து வரும், கம்பி எத்தனை மில்லிமீற்றர், பிளேட்டுக்குத் தண்ணீர் ஒட்டாமல் என்ன பூசுவார்கள் என்பதற்கு ஒரு சொல் இல்லை. உங்களிடம் ஒரு பட்டியல் வந்தால் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மூடப்படப் போகிற வேலைகளுக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள்.

பழைய வீட்டை இடித்த கதையை நீட்டிச் சொல்ல மனமில்லை. முதிரைக் கதவுகளையும் கூரையின் பனை வளைகளையும் “உளுத்துப் போச்சு” என்று சொல்லி ஒரு சொற்ப காசுக்கு எடுத்தார்கள். உளுத்ததை ஏன் இரண்டு லொறி பிடித்து ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பாவா என்ற பெயரை இவர் அடிக்கடி சொன்னதால் பிறகு நானே தேடிப் படித்தேன். ஜெப்ரி பாவா (1919–2003) கொழும்பில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்கு 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு, வீதியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் சுவரும் கூரையும்தான். அழகு முழுக்க உள்ளே, திறந்த முற்றத்தைச் சுற்றி இருக்கிறது. அகன்ற தாழ்வாரம், ஓட்டுக்கூரை, நம் நாட்டுக் கல்லும் மரமும். பல வருடம் கழித்து அந்த வீட்டைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டுபோய்ப் பெந்தோட்டைக்குப் பக்கத்தில், அவருடைய லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கழற்றிப் பூட்டும் அளவுக்கு அதில் பொருள் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டைக் கழற்றினால் மிஞ்சுவது ஜிப்சம் பலகையும் கண்ணாடித் தூளும்தான்.

படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் அதில் முக்கால்வாசி அப்பப்பாவின் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. நாற்சார் வீட்டு முற்றம் மேலே திறந்தே கிடக்கும். சூடு ஏறிய காற்று அதால் மேலே போகும், அந்த இடத்துக்கு விறாந்தைப் பக்கத்தால் புதுக் காற்று வரும். நாலு பக்கமும் தாழ்வாரம் இறங்கியிருப்பதால் உச்சி வெயில் சுவரில் படாது. வைகாசியில் சோளகக் காற்றுப் பிடித்தால் மத்தியானத்தில் திண்ணையில் படுத்து நித்திரை கொள்ளலாம். எங்களுக்குக் கிடைத்த “பாவா ஸ்டைல் கோர்ட்யார்ட்” ஆறடிக்கு ஆறடி. மேலே கண்ணாடி போட்டு மூடியிருந்தது. மழை வராது, தூசி வராது என்றார். காற்றும் வராது என்பதைச் சொல்லவில்லை. பகல் பதினொரு மணிக்கு அதற்குள் வைத்த செடி அவிந்துபோனது. பிளாஸ்ரிக் செடி வைத்தோம். அதுவும் ஒரு பக்கம் வளைந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டு மாடி உயரக் கண்ணாடி மேற்குப் பக்கம். தாழ்வாரம் ஒரு சாண் கூட இல்லை. “தாழ்வாரம் வைச்சா மொடர்ன் லுக் போயிடும்.” பின்னேரம் நாலு மணிக்கு ஹோலில் இருக்க முடியாது. மூன்று ஏசி ஓடியும் நெற்றியில் வியர்வை. பழைய வீட்டில் நாலாயிரத்துக்கு மேல் வராத கரண்ட் பில், குடிபூரலுக்கு அடுத்த மாதம் 38,000.

இதெல்லாம் சகிக்கலாம். திரை போடலாம், தாழ்வாரம் இறக்கலாம். இனிச் சொல்லப்போவதுதான் இரவில் நித்திரை கொள்ளவிடாத விஷயம்.

2024 ஆவணியில் குடிபூரல். கார்த்திகைக் கடைசியில் புயலோடு வந்த மழை நினைவிருக்கும், யாழ்ப்பாணமே வெள்ளத்தில் நின்றது. மேல் பிளேட்டைச் சுற்றி இரண்டடிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். தண்ணீர் போக இரண்டு அங்குலப் பைப் ஒன்றே ஒன்று. அதில் ஒரு பூவரசம் இலை போய் அடைத்தது. மேலே குளம். இரண்டாம் நாள் படுக்கையறை ஜிப்சம் கூரை வயிறு தள்ளிக்கொண்டு இறங்கியது. சாமம் இரண்டு மணிக்குப் படாரென்று விழுந்தது. அம்மா அடுத்த அறையில் படுத்திருந்ததால் தப்பினா. “நீர் தடுப்புப் படலம்” என்று ஆறு லட்சம் எடுத்திருந்தார்கள். பிறகு சுரண்டிப் பார்த்தால் இரண்டு பூச்சுச் சாம்பல் நிறப் பெயின்ட். நகத்தால் உரிகிறது.

போன் எடுத்தேன். “மழை கூட அக்கா, எல்லா இடமும் ஒழுகுதுதானே.” ஒரு பெடியன் வந்தான், சிலிக்கன் பூசினான், போனான். அதற்கும் பில் வந்தது.

2025 ஆடியில் முன் பல்கனியின் கீழ்ப்பக்கத்தில் மண்ணிறக் கோடு ஒன்று. கறை என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் பூச்சு உப்பியது. அப்பாவோடு அந்தக் காலத்தில் வேலை செய்த மேசன் ஐயா ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார். எழுபது தாண்டியவர். கூட்டி வந்து காட்டினேன். சுத்தியல் காம்பால் தட்டினார். ஓர் இடத்தில் டொக் டொக், அடுத்த இடத்தில் வெறும் பானைச் சத்தம். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குக் கொன்கிறீட் பெயர்ந்து கையில் வந்தது. உள்ளே கம்பி. செம்மண் பூசியது போல் துரு.

ஒன்றும் பேசாமல் வளவின் பின்பக்கம் போனார். பொலித்தீனால் மூடிக் கிடந்த மிச்ச மணலில் ஒரு பிடி அள்ளி விரலால் கிளறினார். பொடிச் சிப்பித் துண்டுகள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். “பிள்ளை, இது கழுவாத மணல். கடற்கரைப் பக்கத்துச் சாமான். இதிலையோ பிளேட் போட்டவங்கள்?”

சின்னம்மாவின் மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். அவன் அந்த வார இறுதி வந்து, தங்கச்சியின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வாங்கி அளந்தான். கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே 8 மில்லிமீற்றர். சாதாரண பிளேட்டுக்கே 20, 25 வேண்டுமாம். பீமுக்கும் வெளியே நனைகிற இடங்களுக்கும் இன்னும் கூட வேண்டுமாம். கம்பியின் கீழே வைக்கும் சின்னச் சீமெந்துக் கட்டிகளை வைக்காமல், பலகைக்கு மிகக் கிட்டவே கம்பி இருக்க ஊற்றியிருக்கிறார்கள். அவன் விளக்கியது எனக்கு இப்படித்தான் விளங்கியது: நல்ல கொன்கிறீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. உப்பு உள்ளே போனால் அந்தக் காவல் உடைந்துவிடும். துரு இரும்பை விடப் பல மடங்கு பருக்கும். உள்ளே இடம் இல்லாததால் கொன்கிறீட்டை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வரும். வெடிப்பால் தண்ணீர் உள்ளே போகும், துரு கூடும். மேலே எத்தனை தரம் பூசினாலும் நிற்காது.

பிளேட் போட்ட நாள் இப்போது கண்ணுக்குள் ஓடுகிறது. பின்னேரம் தொடங்கி இரவு எட்டு மணி வரை ஊற்றினார்கள். கலவை இறுகிக்கொண்டு வர, ஒருவன் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்தான். தண்ணீர் கூடினால் கலவை வழுக்கி ஓடும், வேலை லேசு, பலம் போய்விடும். நான் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையாவது பிளேட்டை நனைய வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஊற்றும்போது 150 மில்லிமீற்றர் அச்சில் கலவையை எடுத்து வைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பலம் பார்ப்பது வழக்கமாம். அந்தக் கட்டியை நான் கண்ணால் காணவில்லை. இத்தாலி மாபிளின் மாதிரியை மட்டும் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள்.

கடதாசி விஷயம் இன்னும் மோசம். வந்தவர் ஆர்க்கிடெக்டே இல்லை, படம் கீறுபவர். இலங்கையில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கட்டடக் கலைஞர் நிறுவனம் இருக்கிறது. பதிவு உள்ளவரா என்று விசாரிக்க ஒரு போன் போதும். நாங்கள் அந்த ஒரு போனை எடுக்கவில்லை. பிளானில் கையெழுத்து வைத்தவர் வேறொருவர், அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. வழக்கமாக ஒவ்வொரு கொடுப்பனவிலும் 5 வீதம் பிடித்துவைத்து, பிழைகள் திருத்தும் காலமாக ஒரு வருடம் விட்டு, பிறகுதான் கொடுப்பார்களாம். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பிளேட் போட்டு முடியும்போதே 70 வீதம் கைமாறிவிட்டது. அதன் பிறகு அவர்களுக்கு எங்கள் போனை எடுக்க என்ன அவசரம்?

மலக்குழி பிளானில் வளவின் பின்மூலையில் இருந்தது. அந்த இடத்தில் இரண்டடியில் பாறை தட்டியதாம். உடைக்கச் செலவு என்று, எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் கிணற்றிலிருந்து இருபதடி தூரத்தில் வெட்டிவிட்டார்கள். நம் நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கும், விட்ட தண்ணீர் வடிபடாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் இப்படிச் செய்தவனை என்ன சொல்வது? அம்மா இப்போது போத்தல் தண்ணீர் குடிக்கிறா. பிளானில் உள்ளது ஒன்று, நிலத்தில் உள்ளது வேறொன்று என்பதால் வீட்டுக்கு இணக்கச் சான்றிதழும் எடுக்க முடியவில்லை.

வழக்கறிஞரிடம் காட்டினோம். மூன்று பக்க ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில உங்களுக்குப் பிடிக்க ஒரு கொம்பும் இல்லை” என்றார். கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறோம். பதிலுக்கு வந்ததுதான் அந்த வெருட்டல். அவர்களுடைய விளம்பரத்தில் இன்றும் எங்கள் வீட்டுப் படம்தான் முதலாவது. துருக்கோடு வராத காலத்தில் எடுத்தது.

இப்போதைக்கு முற்றத்து மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டோம். அன்றிரவே காற்று வந்தது. மேல் பிளேட்டில் நாலு அங்குலப் பைப் மூன்று வைத்தாயிற்று. மலக்குழிக்கு வேறு இடத்தில் பாறை உடைக்கிறார்கள். பல்கனிக்கு நாலு முட்டுக் கொடுத்து நிற்கிறது, கீழே யாரையும் போக விடுவதில்லை. கொன்கிறீட்டை உரித்துத் துரு எடுத்து, உப்பு ஏறிய பகுதியை வெட்டிப் புதிதாகப் போடும் வேலையை முன்பு செய்து பழக்கமுள்ள, நம்பிக்கையான ஆட்கள் வடக்கில் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மேசன் ஐயாவுக்குச் சாரத்தில் ஏற முடியாது, கீழே கதிரை போட்டிருந்து பார்க்கிறேன் என்கிறார்.