மினிவேனா கிராஸ்ஓவரா? எங்க வீட்டுல கதவுதான் முடிவு பண்ணுச்சு

ஆறு வருஷம் கிராஸ்ஓவர் (ஜீப்பு மாதிரி உயரமா இருக்கற கார்) ஓட்டிட்டு ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி மினிவேனுக்கு (மூணு வரிசை சீட்டு, பக்கவாட்டுல தள்ளித் திறக்கற கதவு வச்ச குடும்ப வேன்) மாறினேன். மாறின புதுசுல ஒருத்தர் பாக்கி இல்லாம கேட்டாங்க, "என்னடா, ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பிச்சிட்டியா?"ன்னு. அப்படி கேட்டவங்கள்லயே ரெண்டு பேரு இப்போ வீட்டுல ஆளு கூடினதும் தனியா போன் பண்ணி "ஆமா, அது எப்படி இருக்கு?"ன்னு விசாரிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா எழுதிடறேன். முதல்லயே சொல்லிடறேன், நான் நடுநிலை எல்லாம் கிடையாது, மினிவேன் பக்கம் சாய்ஞ்சவன்தான்.

முதல்ல ஒரு விஷயம். கிராஸ்ஓவர்னா பாதி ஜீப்பு, காடு மலை எல்லாம் ஏறும், மினிவேன்னா பாதி பஸ்ஸு அப்படின்னு ஒரு நெனப்பு நிறைய பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்துச்சு. உண்மையில ரெண்டுமே கார் வயித்துல பொறந்த பிள்ளைங்கதான். 1984 மாடலா அமெரிக்காவுல வந்த மினிவேன்களான டாட்ஜ் கேரவனும் பிளிமத் வாயேஜரும் முன்சக்கரம் இழுக்கற கார் மாதிரியான அமைப்பு, அதே 1984ல ஐரோப்பாவுல ரெனோ எஸ்பேஸ் வந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு 1994ல கிராஸ்ஓவர்ல டொயோட்டா ராவ்4, அடுத்த வருஷமே சிவிக்கை அடிப்படையா வச்சு ஹோண்டா சிஆர்வி. லாரி மாதிரி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இதுல எதுலயும் கிடையாது. நிறைய கிராஸ்ஓவர்ல அடிப்படை வேரியண்ட் முன்சக்கர டிரைவ்தான், ஆல்வீல் (நாலு சக்கரத்துக்கும் இழுவை) வேணும்னா தனியா காசு கட்டணும். அதனால "இது ஸ்ட்ராங்கு, அது வீக்கு"ங்கற பேச்சை ஓரமா வச்சிடலாம்.

இதுக்கு சரியான உதாரணம் டொயோட்டாவோட சியன்னா மினிவேனும் ஹைலேண்டர் ஹைப்ரிட் கிராஸ்ஓவரும். ஒரே பிளாட்ஃபார்ம் (அடித்தளம்), ஒரே 2.5 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சின் (பெட்ரோலோட மின்மோட்டாரும் சேர்ந்தது), பவரும் 240 சொச்சம் குதிரைத்திறன், மைலேஜும் அமெரிக்க அரசு கணக்குப்படி ரெண்டுமே லிட்டருக்கு 15 கிலோமீட்டர் பக்கம். அக்கா தங்கச்சி மாதிரி. ஆனா மூணாவது வரிசையில போய் உக்காந்து பாருங்க. சியன்னால காலுக்கு கிட்டத்தட்ட 98 சென்டிமீட்டர் இடம், ஹைலேண்டர்ல 70. மூணாவது வரிசை சீட்டு நிமிர்ந்திருக்கும்போது அதுக்குப் பின்னாடி சாமான் வைக்க சியன்னால 950 லிட்டர் அளவுக்கு இடம், ஹைலேண்டர்ல அதுல பாதி கூட இல்ல, 450 தான். எஞ்சினும் எலும்பும் ஒண்ணு, மேல வச்ச பெட்டிதான் வேற.

ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, தரை. மினிவேன்ல தரையை முடிஞ்ச அளவு கீழ இறக்கி, பின் கதவு பக்கத்துல ஒரு பள்ளம் மாதிரி விட்டிருப்பான், மூணாவது வரிசை சீட்டை மடிச்சா அந்தப் பள்ளத்துக்குள்ள போய் படுத்துக்கும், நிமித்தி வச்சா அதே பள்ளம் டிக்கி ஆயிடும். கிராஸ்ஓவர்ல வண்டி உயரமா இருக்கும், ஆனா தரையும் சேர்ந்து உயர்ந்திருக்கும், சீட்டு மடிஞ்சா அந்தத் தரை மேலயே படுக்கணும், அதனால சீட்டு தாழ்வா தட்டையா இருக்கும், உக்காந்தா முட்டி நெஞ்சுக்கு வந்துடும். என் பழைய வண்டியிலயும் ஏழு சீட்டுதான். விக்கும்போது ஏழு சீட்டு, ஓட்டும்போது அஞ்சு சீட்டு. ஏழு பேரு ஏறினா பெட்டி மடியில, பெட்டியை ஏத்தினா ரெண்டு பேரு வீட்டுல.

சரி, இதெல்லாம் பேப்பர்ல படிச்சாலே தெரியற விஷயம். என்னை மாத்த வச்சது கதவு.

நாங்க இருக்கற இடத்துல பார்க்கிங் ரெண்டு தூணுக்கு நடுவுல. கிராஸ்ஓவர் கதவை முழுசா திறக்க முடியாது, முக்கால்வாசி கூட முடியாது. சின்னவன் தூங்கிட்டான்னா, நான் கதவுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒருக்களிச்சு நுழைஞ்சு, ஒரு கையால கதவு தூண்ல படாம பிடிச்சிக்கிட்டு, இன்னொரு கையால பெல்ட்டைக் கழட்டி, இடுப்பை ஒரு திருப்பு திருப்பி அவனைத் தூக்கி வெளிய எடுக்கணும், அதுக்குள்ள அவன் தலை மேல் சட்டத்துல ஒரு இடி இடிச்சு எழுந்து அழ ஆரம்பிச்சிருப்பான். பெரியவ வேற மாதிரி. கதவைத் திறக்கறதுன்னா அவளுக்கு உதைச்சுத் திறக்கறதுதான். பக்கத்து வண்டிக் கதவுல மூணு தடவை கோடு போட்டா, ரெண்டு தடவை நான் போய் மன்னிப்பு கேட்டு காசு குடுத்தேன், மூணாவது தடவை அந்த வண்டிக்காரர் என்னைப் பாத்ததுமே சிரிச்சிட்டாரு.

மினிவேனோட ஸ்லைடிங் டோர்ல இந்த மொத்தக் கதையும் இல்ல. வண்டிக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்க இடம் இருந்தா போதும், கதவு பின்னாடி போயிடும், கதவு இருந்த இடம் முழுக்க வாசல். தரை தாழ்வா இருக்கறதால நேரா நின்னே குழந்தையை எடுத்துடலாம். எங்க அம்மாவுக்கு முட்டி வலி, பழைய வண்டியில ஏறணும்னா மேல கைப்பிடியைப் பிடிச்சு ஒரு எம்பு எம்பணும், இறங்கறப்போ அதை விட பயம். இதுல வீட்டு வாசப்படி ஏறுற மாதிரி ஏறிடறாங்க. "ஏம்மா, எந்த வண்டி நல்லாருக்கு?"ன்னு கேட்டேன், "இதுல ஏறிட்டு மூச்சு வாங்க வேண்டியதில்ல"ன்னாங்க. வேற ரிவ்யூ எனக்கு எதுக்கு.

இன்னொண்ணு, இது வாங்கறதுக்கு முன்னாடி யாரும் சொல்லித் தரமாட்டாங்க. நடு வரிசையில சைல்ட் சீட்டை மாட்டிட்டா, நிறைய கிராஸ்ஓவர்ல அந்த சீட்டை மடிச்சு சாய்க்க முடியாது, சைல்ட் சீட்டைக் கழட்டினாதான் பின்னாடி போக வழி. ரெண்டு பக்கமும் சைல்ட் சீட்டு இருந்தா மூணாவது வரிசை இருக்கு, போக முடியாது அவ்வளவுதான், டிக்கி வழியா ஏறி குதிச்சாதான் உண்டு. நடு வரிசை ரெண்டு தனி சீட்டா இருக்கற மாடல்னா நடுவுல நடந்து போயிடலாம், அது கிராஸ்ஓவர்லயும் இருக்கு, ஆனா சந்து குறுகல். மினிவேன்ல பெரும்பாலும் அந்த சந்துல பள்ளிக்கூடப் பையோட ஒரு பிள்ளை போக முடியும். எங்க வீட்டுல தினமும் காலையில அதுதான் நடக்குது.

இப்ப இந்தக் கதவோட மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா நான் ஏமாத்தற மாதிரி ஆயிடும். கீல் வச்ச சாதாரண கதவு இருபது வருஷம் ஆனாலும் ஒரு சொட்டு எண்ணெய் கேக்கும், அவ்வளவுதான். ஸ்லைடிங் டோர் அப்படி கிடையாது. மேல ஒரு டிராக், கீழ ஒரு டிராக், வெளிப்பக்கம் கண்ணாடிக்குக் கீழ நடுவுல ஒரு டிராக், மூணுலயும் ரோலர். ஆட்டோமேட்டிக்னா மோட்டார் ஒரு கேபிளைச் சுருட்டி கதவை இழுக்கும், கரண்ட் போற வயர் கூட்டம் ஒவ்வொரு தடவையும் மடிஞ்சு விரியும். இத்தனையும் தேயற சாமான்.

எங்களுக்கு ஒரு வருஷம் தாண்டினதும் இடது கதவு மக்கர் பண்ணுச்சு. பாதி மூடும், பீப் பீப்னு கத்தும், திரும்ப திறந்துக்கும். சர்வீஸ்ல காட்டினா பாத்த உடனே "மோட்டார் மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாங்க, கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. வேற ஒரு பழைய மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவரு கம்ப்யூட்டர் எதையும் மாட்டல, குனிஞ்சு கீழ் டிராக்கைப் பாத்தாரு, பழைய டூத் பிரஷ் ஒண்ணு எடுத்து கிண்டினாரு. வந்தது என்னென்ன தெரியுமா, உடைஞ்ச கிரேயான் துண்டு, பிஸ்கட் தூள், ஒரு ஹேர் கிளிப்பு, பட்டாணி சைஸுல ஒரு கல்லு. அந்தக் கல்லு ரோலரைத் தடுக்குது, தடுக்கறதால மோட்டாருக்கு பாரம் கூடுது, பாரம் கூடினா கதவுக்கு நடுவுல யாரு கையோ மாட்டியிருக்குன்னு சிஸ்டம் நெனச்சுக்கிட்டு திரும்பத் திறந்துடுது. பாதுகாப்புக்காக வச்ச விஷயம் சரியாதான் வேலை செஞ்சிருக்கு, நாங்கதான் அதுக்கு கல்லைக் குடுத்திருக்கோம்.

அன்னிலேர்ந்து மாசம் ஒரு தடவை வாக்கும் கிளீனர் மூக்கை டிராக்குல விட்டு இழுத்துடறேன், சிலிகான் ஸ்பிரே லேசா ஒரு அடி. கெட்டி கிரீஸை அள்ளி அப்பாதீங்க, மண்ணு ஒட்டி பசையாயிடும், உங்க வண்டிக்கு என்ன போடணும்னு மேனுவல்ல பாத்துட்டுப் போடுங்க. ரெண்டாவது, கதவு தானா நகரும்போது பிள்ளைங்க கையால இழுத்துத் தள்ள விடாதீங்க, கேபிளுக்கும் மோட்டாருக்கும் அதுதான் எமன். மூணாவது, பழைய மினிவேன் வாங்கறவங்க எஞ்சினைப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கதவையும் பத்துப் பத்து தடவை திறந்து மூடிப் பாருங்க, ஏத்தத்துல நிறுத்தி ஒரு தடவை, இறக்கத்துல நிறுத்தி ஒரு தடவை. கரகரன்னு சத்தமோ, கடைசி ஒரு ஜாண்ல தயக்கமோ இருந்தா பேரத்துல அதைச் சொல்லிக் குறைங்க. பவர் கதவை ஆஃப் பண்ற சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும், ஆஃப் பண்ணிட்டு கையாலயும் தள்ளிப் பாருங்க, டிராக் சுத்தமா இருந்தா வழுக்கிக்கிட்டு போகும். (பெட்ரோல் போடறப்போ டேங்க் மூடி திறந்திருந்தா சில வண்டியில அந்தப் பக்கக் கதவு திறக்காது, மூடி மேல கதவு மோதாம இருக்க அப்படி வச்சிருக்கான். ரிப்பேர்னு நெனச்சு பங்க்ல பத்து நிமிஷம் சண்டை போட்ட அனுபவம் எனக்கு இருக்கு.)

கிராஸ்ஓவர் ஜெயிக்கற இடங்களும் இருக்கு. ரோடு மோசம், பள்ளம் மேடு, பனி, சேறுன்னு தினமும் ஓட்டறவங்களுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் (ரோட்டுக்கும் வண்டி அடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) முக்கியம், என் மினிவேன் பெரிய ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாரும் ஏறி உக்காந்திருந்தா அடி தட்டும், தட்டுற சத்தம் வயித்தைக் கலக்கும். டிரெய்லர் இழுக்கறவங்களுக்கும் கிராஸ்ஓவர்தான். ஹோண்டாவுல ஆல்வீல் பைலட் கிராஸ்ஓவர் 2270 கிலோ வரைக்கும் இழுக்கும், ஒடிசி மினிவேன் 1590 கிலோ. நீளமும் ஒரு பிரச்சனை, பெரிய மினிவேன் எல்லாம் அஞ்சு மீட்டர் தாண்டும், ரெண்டு வரிசை கிராஸ்ஓவர் நாலரை சொச்சத்துல முடிஞ்சிடும். ஒரு பிள்ளையோ ரெண்டு பிள்ளையோ, பெரியவங்க கூட வர்றது எப்பவாவதுன்னா மினிவேன் வாங்கி காலி சீட்டை ஊர்வலம் விட வேண்டாம், அந்த சின்ன கிராஸ்ஓவரே ராஜா.

பாதுகாப்புல மினிவேன் குடும்ப வண்டி, அதனால ஒசத்தின்னு நானும் நம்பிட்டிருந்தேன். 2023ல அமெரிக்காவுல ஐஐஹெச்எஸ் (வண்டிகளை மோதிப் பாத்து ரேட்டிங் குடுக்கற அமைப்பு) பின் சீட்டுல டம்மியை (மனுஷ உருவப் பொம்மை) வச்சு நாலு மினிவேனை மோதிப் பாத்தாங்க, ஒண்ணு கூட நல்ல ரேட்டிங் வாங்கல. அந்த டம்மி சின்ன உருவப் பெண் அல்லது 12 வயசுப் பிள்ளை அளவு, சைல்ட் சீட்டுல இருக்கற குழந்தைக்கான டெஸ்ட் இல்ல அது. பின் சீட்டுதான் பிள்ளைங்களுக்கு சேஃப்புன்னும் அவங்களே சொல்றாங்க. ஆனாலும் வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடலோட ரேட்டிங்கை எந்த வருஷத்து டெஸ்ட்டுன்னு சேத்துப் பாருங்க, "குடும்ப வண்டி"ங்கற பேரை நம்பி விட்டுடாதீங்க.

ரீசேல் பத்தி நான் பெரிசா பேச ஆளில்ல, இன்னும் வித்துப் பாக்கல. பழைய கிராஸ்ஓவரை வித்தப்போ ஒரே வாரத்துல நாலு பேரு வந்தாங்க. மினிவேனுக்கு அவ்வளவு பேரு வருவாங்கன்னு தோணல, வர்றவன் மூணு பிள்ளையோட வருவான், பேசி முடிச்சிட்டுதான் போவான்னு நெனச்சிருக்கேன். உள்ள சீட்டுல இருக்கற கறையைப் பாத்துட்டு என்ன சொல்வான்னும் தெரியல. ஹைப்ரிட் பேட்டரி பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்ங்கறதும் என் அனுபவத்துல இல்ல, ஒன்றரை வருஷத்துல சொல்ல ஒண்ணும் கிடையாது.

எது பாக்கப் போனாலும் உங்க சைல்ட் சீட்டை கையோட எடுத்துட்டுப் போங்க. ஷோரூம்லயே நடு வரிசையில மாட்டுங்க, அப்புறம் வீட்டுல இருக்கற பெரிய ஆளை மூணாவது வரிசைக்குப் போகச் சொல்லுங்க, டிக்கியில ஸ்டிரோலரை வச்சு கதவை மூடிப் பாருங்க. நான் இதைச் செஞ்சப்போ ஒரு சேல்ஸ் பையன் தானே பின்னாடி போய் காட்டறேன்னு ஏறினான், கிராஸ்ஓவர்தான் அது, இறங்க அவனுக்கு நாங்க கை குடுக்க வேண்டியதாப் போச்சு.

ஒரே ஒரு பக்கவிளைவு. எங்க பெரியவ இப்ப யாரு வண்டியில ஏறினாலும், கைப்பிடியை ஒரு தடவை லேசா இழுத்துட்டு, கதவு தானா நகரும்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கறா.