நீல லிங்கியாவா, பிரிட்டில் ஸ்டாரா? ரீஃப் தொட்டிக்கு எந்த நட்சத்திர மீன்

துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்துப் பூசியது போன்ற நிறம் நீல லிங்கியாவுக்கு. கடையில் அதைப் பார்த்த அன்றே வாங்கி வந்தேன். ஐந்தாவது மாதம் ஒரு கையின் நுனி வெளுத்தது. மறுநாள் அந்த இடம் கஞ்சி போலக் குழைந்திருந்தது. நான்காம் நாள் எடுத்துவிட வேண்டியதாயிற்று. இப்போது என் 250 லிட்டர் ரீஃப் தொட்டியில், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், இருப்பது மெல்லிய கைகள் பாம்பு போல நெளியும் பிரிட்டில் ஸ்டார். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

சிலவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சாக்லேட் சிப் ஸ்டார் பவளத்தையே தின்னும், ரீஃப் தொட்டிக்கு ஆகாது. மணலைச் சலிக்கும் சாண்ட் சிஃப்டிங் ஸ்டார் மணலுக்குள் வாழும் புழு, குட்டி நத்தை எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு, அப்புறம் தானும் பட்டினியில் சாகும். பச்சை பிரிட்டில் ஸ்டார் இரவில் தூங்கும் மீனைப் பிடிக்கும்; பழுப்பு, கறுப்பு வகைகளைப் பாருங்கள்.

மீதி இரண்டில் எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது சாப்பாடு. லிங்கியா தன் வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, பாறைமேல் படிந்திருக்கும் மெல்லிய படலத்தைக் கரைத்து உண்கிறது. கடலில் அதற்கு ஒரு பவளத்திட்டு முழுவதும் மேய்ச்சல் நிலம். நம் வீட்டில் இருபது கிலோ பாறை. அந்தப் படலம் வளர்வதைவிட வேகமாக அது மேய்ந்துவிடும். நாம் இறால் துண்டை வைத்தாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. இதில் கொடுமை என்னவென்றால், மெலிவது வெளியே தெரியாது. தோல் கெட்டி, வடிவம் அப்படியே இருக்கும். கண்ணாடியில் ஊர்ந்துகொண்டே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால்தான் 400 லிட்டருக்கு மேல், ஒரு வருடமாவது பழகிய தொட்டி இல்லாமல் லிங்கியாவை வாங்காதீர்கள் என்கிறேன்.

பிரிட்டில் ஸ்டார் நாம் போடுவதைத் தின்னும். உறைந்த இறாலைத் தண்ணீரில் விட்ட சில நொடிகளில் பாறை இடுக்கிலிருந்து ஒரு கை நுனி நீளும். துண்டு பட்டதும் கை சுருண்டு அதை அடியில் இருக்கும் வாய்க்கு இழுத்துக்கொள்ளும். மீன் விட்ட மிச்சத்தையும் பொறுக்கிவிடும். பகலில் கண்ணில் படாது என்பது உண்மையான குறை. காட்சிக்காக வாங்குகிறவருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஃப்ரோமியா இருக்கிறது. சிறியது, சிவப்பு. உணவுப் பிரச்சினை லிங்கியாவைப் போலத்தான். நான் வளர்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் எட்டு மாதம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, தொட்டியில் விடும் முறை. இவற்றால் உடம்பின் உப்பளவைத் தாமே சரிசெய்துகொள்ள முடியாது. வெளித் தண்ணீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. கடைத் தொட்டிகளில் பல நேரம் உப்பைக் குறைத்து, ஒப்படர்த்திக் கணக்கில் 1.020 அளவில் வைத்திருப்பார்கள். நம் தொட்டி 1.025. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பை தண்ணீரை அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நட்சத்திரத்தைப் பை தண்ணீரோடு வாளியில் விடுங்கள். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நம் தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் வாளியில் விழட்டும். லிங்கியாவுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். பிரிட்டில் ஸ்டாருக்கு நான் ஒன்றரை மணி நேரம் கொடுத்தேன். வாளியின் உப்பளவும் தொட்டியின் உப்பளவும் ஒன்றான பிறகுதான் மாற்ற வேண்டும். மே மாதச் சென்னையில் அந்த மூன்று மணி நேரத்தில் வாளித் தண்ணீர் சூடேறிவிடும், ஏ.சி. அறையிலோ இரவிலோ செய்வது நல்லது.

காற்றில் தூக்காதீர்கள். வாளிக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஏற்றி, தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெல்லச் சாய்த்தால் தானாக இறங்கும். அப்போது டப்பாவில் இருக்கிற கொஞ்சத் தண்ணீர் போனால் பரவாயில்லை. மீதியைக் கீழே ஊற்றிவிடுங்கள், மீன் நோய்க்குப் போட்ட செம்பு மருந்து அதில் இருக்கலாம். அன்று விளக்கை அணைத்து வையுங்கள்.

அதன் பிறகும் உப்பளவு ஆடக்கூடாது. வெயில் காலத்தில் என் தொட்டியில் தினமும் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகிறது. அதை ஒரேயடியாக ஊற்றாமல், காலையும் மாலையும் பிரித்து ஆர்.ஓ. தண்ணீர் விடுகிறேன்.

கடையில் வாங்கும்போது நட்சத்திரத்தைத் தண்ணீருக்குள்ளேயே மல்லாக்கப் போடச் சொல்லுங்கள். பிரிட்டில் ஸ்டார் உடனே புரண்டுவிடும். லிங்கியா நேரம் எடுக்கும், ஆனால் அடியில் உள்ள குழாய்க் கால்கள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கை நுனியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.