டீசல் காரில் நாக்ஸைக் குறைக்க: எல்.என்.டி.யா, எஸ்.சி.ஆரா?

பெட்ரோல் காரில் காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் எரிவதால் புகைக்குழாயில் இருக்கும் த்ரீ-வே கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கி ஒன்றே நைட்ரஜன் ஆக்சைடுகளை, அதாவது நாக்ஸை, உடைத்துவிடும். டீசல் புகையில் ஆக்சிஜன் எப்போதும் மிஞ்சி நிற்கிறது. நாக்ஸை உடைக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து தீர்ந்துபோகும். 2020 ஏப்ரலில் இந்தியாவின் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் காரின் நாக்ஸ் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. அதை எட்ட இரண்டு வழிகள்தான் முக்கியமானவை.

எல்.என்.டி., அதாவது லீன் நாக்ஸ் ட்ராப், நாக்ஸைப் பிடித்துவைக்கும் பொறி. பிளாட்டினம் அதை நைட்ரஜன் டை ஆக்சைடாக்க, பேரியம் நைட்ரேட்டாகச் சேமிக்கும். பொறி நிறைந்ததும் இன்ஜின் சில விநாடிகள் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். ரோடியத்தின் மேல் நாக்ஸ் வெறும் நைட்ரஜனாகும். தனி டேங்க் வேண்டாம், 200 டிகிரியிலேயே வேலை தொடங்கும், சின்னக் காருக்குள் அடங்கும். ஆனால் சுமையோடு மலையேறும்போதும் அதிவேகத்திலும் 450 டிகிரி தாண்டினால் நைட்ரேட் தானே கழன்றுவிடும். டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) மட்டுமே இருந்தாலும் பேரியத்தில் சல்பேட்டாகப் படியும். அதை எரித்தெடுக்க 650 டிகிரி தேவை, அந்தச் சூட்டில் பிளாட்டினம் திரண்டு திறன் இழக்கும். கூடுதல் டீசல் இன்ஜின் ஆயிலிலும் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறினால் ஆயிலை உடனே மாற்றுங்கள்.

எஸ்.சி.ஆரில், அதாவது செலக்டிவ் கேட்டலிடிக் ரிடக்‌ஷனில், தனி டேங்கிலிருந்து தெளிக்கும் 32.5 சதவீத யூரியா கரைசல், அதாவது டி.இ.எஃப்., சூடான புகையில் அம்மோனியாவாகி, காப்பர் ஜியோலைட் என்ற வினையூக்கியின் மேல் நாக்ஸை நைட்ரஜனும் நீருமாக்கும். இடைவிடாமல் வேலை செய்வதால் நெடுஞ்சாலையில் இதுவே மேல். சுமார் 180 டிகிரிக்குக் கீழே தெளிக்க முடியாது; தெளித்தால் குழாயில் வெள்ளைப் படிவு கட்டும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு இது பெரிய குறை.

2014-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அமெரிக்கச் சாலைகளில் அளந்தபோது எல்.என்.டி. வைத்த ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கும், எஸ்.சி.ஆர். வைத்த பஸாட் 5 முதல் 20 மடங்கும் நாக்ஸ் கக்கின. பஸாட்டின் மென்பொருள் யூரியாவைக் குறைத்துத் தெளித்தது. அதே சோதனையில் எஸ்.சி.ஆர். வைத்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. எல்.என்.டி.யின் எல்லை அதன் வேதியியலில் இருக்கிறது, எஸ்.சி.ஆரின் எல்லை தெளிப்பில் இருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியும். அதனால் எங்கள் தேர்வு எஸ்.சி.ஆர்.

வாங்கினால் கரைசலில் கவனம் தேவை. 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கும் டி.இ.எஃப்., 35 டிகிரியில் ஆறு மாதமே தாங்கும். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றவே கூடாது: அதில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, பையூரெட் என்ற மாசும் அதிகம். குழாய் நீரின் கால்சியம் தெளிப்பானை அடைக்கும். டி.இ.எஃப். தவறி டீசல் டேங்கில் விழுந்தால் சாவியைத் திருப்பாமல் டேங்கைக் காலி செய்யுங்கள். திருப்பினாலே பம்ப் அதை உயரழுத்த லைனுக்குத் தள்ளத் தொடங்கிவிடும்.