சீனக்குடாவில் நிற்கும் பழைய செஸ்னாவும் விடாத பெற்றோல் மணமும்

எங்கள் விமானம் 1975ஆம் ஆண்டு செஸ்னா 172எம், ஒற்றை எஞ்சின் உள்ள சின்ன விமானம். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கி ஏழு வருடமாகிறது. வருடத்தில் பாதி நாள் இரத்மலானையில் நிற்கும், மீதி நாள் இங்கே திருகோணமலையில், சீனக்குடா வெயிலில். இத்தனை வருடத்தில் மூன்று கசிவு பிடித்திருக்கிறோம், முதலாவதைப் பிடிக்க மட்டும் பதினொரு மாதம் போனது.

கதவைத் திறந்தால் குப்பென்று பெற்றோல் மணம். என் மச்சான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "பிரிட்டிஷ்காரன் கட்டின எண்ணெய்க் குதம் நூறு பக்கத்தில நிக்குது, சீனக்குடாவில பெற்றோல் மணக்காம மல்லிகைப்பூவே மணக்கும்?" என்றான். ஆனால் மணம் வந்தது தரைவிரிப்பில் இருந்து, இருக்கைகளுக்கு நடுவே, எந்தத் தாங்கியில் இருந்து பெற்றோல் எடுப்பது என்று திருப்பிவிடும் எரிபொருள் தெரிவு வால்வு இருக்கும் இடத்தில். அந்த வால்வின் ஓ-றிங், அதாவது கசியாமல் அடைக்கும் இறப்பர் வளையம், காய்ந்து போயிருக்கும் என்று அனுமதிப் பத்திரம் உள்ள பொறியியலாளர் ஒருவர் சொன்னார், கழட்டி, புது ஓ-றிங் போட்டு, கையெழுத்தும் வைத்துத் தந்தார். மணம் நின்றது. மூன்று கிழமை கழித்துத் தாங்கி நிரப்பினோம், திரும்பவும் அதே மணம்.

யோசித்துப் பார்த்தால் விடை அங்கேதான் இருந்தது. வால்வை மாற்றிய பிறகு நாங்கள் அரைத் தாங்கியோடுதான் பறந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெற்றோல் இருந்தது, மணம் இருந்ததா இல்லையா என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். முக்கால் தாங்கிக்கு மேலே இருந்தால் மணக்கும், கீழே இறங்கினால் மணக்காது. அப்படியென்றால் ஓட்டை தாங்கியின் மேல் பாதியில். தாங்கி இறக்கைக்குள்தான் இருக்கிறது, அதனால் கதவுக்கு மேலே, இறக்கையின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினோம். பெற்றோல் அளவு காட்டும் மிதவைக் கருவி தாங்கியோடு பொருந்தும் இடத்தில் நீலக் கறை. இடைவெளியை அடைக்கும் அதன் பழைய கேஸ்கற் பிஸ்கற் மாதிரி நொறுங்கியது. அங்கிருந்து கசிந்த பெற்றோல் கதவுத் தூணுக்குள்ளால் வழிந்து தரைக்கு வந்திருக்கிறது. பாவம் அந்த வால்வு, அதில் ஒரு குற்றமும் இல்லை. புது கேஸ்கற் போட்டு நாலு வருடம், இன்றைக்கும் உலர்ந்துதான் கிடக்கிறது.

இந்த விமானத்துக்கு ஊற்றும் பெற்றோல், அவ்காஸ் 100எல்எல், நீல நிறம், காய்ந்தாலும் கறை விடும், அதுதான் நமக்குச் சாட்சி. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கடல் உப்புக்குப் பயந்து கிழமைக்கு ஒருதடவை விமானத்தை வடிவாகக் கழுவினோம், சாட்சியையும் சேர்த்து. இப்போது கழுவுவதற்கு முதல் ரோர்ச் அடித்துப் பார்க்காமல் வாளியைத் தொடுவதில்லை. விடியற்காலையில் பார்ப்பதுதான் நல்லது, பத்து மணி வெயிலில் சொட்டு விழ விழவே ஆவியாகிவிடும்.

இரண்டாவது கசிவு எஞ்சினுக்குப் பின்னால் உள்ள வடிகட்டிக் கிண்ணத்தில். வடிகால் வால்வில் ஒரு துளி மண் சிக்கி முழுதாக மூடவில்லை, அரை மணி நேர வேலை. மூன்றாவது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபறேற்றர். மிதவை ஊசி தேய்ந்து, எஞ்சினை நிறுத்திய பிறகும் காற்று வடிகட்டிப் பெட்டி வழியே சொட்டியது. வெளியே அனுப்பித் திருத்தினோம், செலவைச் சொன்னால் மனைவி வாசித்துவிடுவாள்.

எல்லாச் சொட்டும் கசிவு இல்லை என்பதும் அனுபவத்தில்தான் தெரிந்தது. இந்த மாடலின் இரண்டு தாங்கியும் சேர்த்து சுமார் 159 லீற்றர் பிடிக்கும். காலையில் விளிம்புவரை நிரப்பி வெயிலில் விட்டு, பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் கூடும், அது இடது இறக்கைத் தாங்குகோலுக்குப் பின்னால் உள்ள காற்றுக் குழாய் வழியே சொட்டத்தான் செய்யும். நிலம் சரிவாக இருந்து, தெரிவு வால்வையும் இரண்டு தாங்கிக்கும் பொதுவாக விட்டுவிட்டால், மேல் பக்கத்துப் பெற்றோல் கீழ்ப் பக்கம் போய் அங்கிருந்தும் வெளியே வரும். நாங்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் திருப்பிவிட்டுத்தான் நிறுத்துவோம்.

உள்ளே மணம் கடுமையாக இருந்தால் ஒரு சுவிட்சும் போடாதீர்கள், கதவைத் திறந்துவிட்டு இறங்கிவிடுங்கள். கசியும் இடத்தில் பசை பூசி மறைக்கவும் விடாதீர்கள். எங்களுக்கு முந்திய யாரோ அப்படிப் பூசிய பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு முழு நாள் போனது.

இப்போது வலது தாங்கி மூடிக்குப் பின்னால், இறக்கை மேலே, மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிகிறது. மூடியின் இறப்பர் இறுகிவிட்டது, பறக்கும்போது இறக்கை மேலே காற்றழுத்தம் குறைவதால் பெற்றோலை வெளியே இழுக்கிறது. பெற்றோல் வெளியே வரும் வழியால் மழைத் தண்ணீர் உள்ளேயும் போகும், மாரி மழை தொடங்க இன்னும் இரண்டு மாதம்தான். புது இறப்பருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்து சேரும்வரை, மழை பெய்த மறுநாள் வலது தாங்கியின் அடியில் இருந்து இரண்டு கிண்ணம் பெற்றோல் கூடுதலாக எடுத்துப் பார்க்கிறேன், தண்ணீர் இருந்தால் நீலத்துக்குக் கீழே தனியாக நிற்கும்.