‘ஆங்கின்’ என்ற சொல்லை ஏற்காத மருத்துவர்: பினாங்கில் என் நெஞ்செரிச்சல் சிகிச்சை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் 26 ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடியற்காலை 4.45க்கு எழுந்து, 5.40க்கு முதல் பிள்ளையை ஏற்றுவேன். மாலையில் டியூஷன் பிள்ளைகள். கடைசிப் பிள்ளையை வீட்டு வாசலில் இறக்கும்போது இரவு 9.45 ஆகிவிடும். அதன் பிறகுதான் சாப்பாடு, பெரும்பாலும் நாசி கண்டார், அதாவது பல குழம்புகள் தளும்பும் சோறு. 11 மணிக்குப் படுக்கை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், ஜார்ஜ் டவுனில் நான் பார்த்த இரைப்பை குடல் மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டதும் இதைத்தான். நெஞ்செரிச்சலோடு அலைந்த ஆறு ஆண்டுகளில் வேறு யாரும் கேட்டதில்லை.

நல்லதையும் குறையையும் சேர்த்து எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். தனியார் மருத்துவமனை, என் காப்புறுதி அட்டை செல்லும் இடம், அவ்வளவு போதும்.

அந்த ஆறு ஆண்டுகளும் நான் ஏறிய கிளினிக் படிகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு இடத்திலும் நானே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்: “ஆங்கின், டாக்டர்.” மலாயில் காற்று என்று பொருள். இங்கே நம்மவர்களும் வயிறு, நெஞ்சு, தோள்பட்டை என எங்கே வலித்தாலும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். சொன்ன சொல்லுக்கு ஏற்றபடி, மென்று தின்னும் வெள்ளை மாத்திரை கிடைக்கும். சில சமயம் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுப்பார்கள். எரிச்சல் வந்தால் ஒன்று போட்டுக்கொள்வேன், போய்விட்டால் நிறுத்திவிடுவேன். அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு ஒரு மணி சுமாருக்கு நெஞ்சின் நடுவில் பிடித்த வலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “நெஞ்சைத் தேய்க்காதீர்கள், வண்டியில் ஏறுங்கள்” என்று மனைவி அதட்டினாள். மகன் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓட்டிச் சென்றான். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. மனைவி அன்று செய்ததுதான் சரி என்று அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சு வலியை நாமாகவே வாயு என்று முடிவு கட்டக் கூடாது. காரணம் இதயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உணவுக்குழாயைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த வாரம் இந்த மருத்துவரிடம் போனேன். சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், மலாயில்தான் பேச்சு. வழக்கம்போல “ஆங்கின்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது நோயின் பெயர் இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை வயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் இழுத்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற தமிழ்த் தாதி குனிந்து, “ஐயா, எதுக்களிக்கிறதா?” என்று கேட்டார்.

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பால் குடித்த குழந்தை வாயோரம் கக்கினால் “பிள்ளை எதுக்களிக்கிறது, தோளில் போட்டுத் தட்டு” என்பார் என் பாட்டி. எனக்கு நடந்ததும் அதுவேதான். டயரில் காற்றுப் பார்க்கக் குனிந்தால் புளித்த நீர் தொண்டை வரைக்கும் ஏறி வரும். இரவில் படுத்தால் வாய் கசக்கும், இருமல் வரும். ஆறு ஆண்டு நோய் அந்த ஒரு சொல்லில் இருந்தது. நான் வேறு சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. படுப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பு சாப்பிடுகிறீர்கள்? எந்த மாத்திரை, எந்த நேரத்தில்? எடை குறைந்ததா? மலம் கறுப்பாகப் போனதா? கடைசியாக, “சாப்பாடு நெஞ்சில் சிக்குகிறதா?” என்றார். நான் கொஞ்சம் நேரம் பேசவில்லை. நான்கு மாதங்களாக ரொட்டி சானாயும் கோழித் துண்டும் நடுநெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பதிலைக் கேட்டதும், மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்ப முடியாது, உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்று அந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு, நாள் குறித்தார். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்த வாந்தி, கறுப்பு மலம், இரத்தசோகை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது என்றார்.

எண்டோஸ்கோப்பியைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகள் நிறைய உண்டு. என் அனுபவத்தைச் சொல்கிறேன். முந்தின இரவுக்குப் பிறகு வெறும் வயிறு. மகனோடு பெர்ரியில் கடல் கடந்தேன். மயக்க ஊசி போடுவதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. தொண்டையில் மருந்து தெளித்தார்கள், கசப்பு. சற்று நேரத்தில் நாக்கின் அடி மரத்துப்போய், எச்சில் விழுங்குவது யாரோ விழுங்குவதுபோல் இருந்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள். “மூக்கால் மூச்சு விடுங்கள், ஐயா” என்று அதே தாதி என் தோளில் கைவைத்தார். அடுத்து எனக்கு நினைவிருப்பது, திரைச்சீலைக்குப் பின்னால் மகன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்த குரல்.

மருத்துவர் படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பேனா முனையால் தொட்டுத் தொட்டு விளக்கினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய உணவுக்குழாயின் அடிப்பகுதியில், மடிப்புகளின் குறுக்கே ஒன்றோடொன்று சேர்ந்த சிவந்த கீறல்கள், மேலே வெண்படலம். இந்தப் புண்ணை ஏ (லேசானது) முதல் டி (மிக மோசமானது) வரை தரம் பிரிக்கிறார்கள், என்னுடையது சி. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உள்ள துளை தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி மூன்று சென்டிமீட்டர் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. கதவு இறுக மூடாத வீடு என்று புரிந்துகொண்டேன். நல்ல வேளையாக, புண் ஆறி ஆறித் தழும்பாகி குழாய் சுருங்கிப்போகும் நிலைக்கு இன்னும் வரவில்லை. வீக்கத்தால்தான் உணவு சிக்கியிருக்கிறது. இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா என்றும் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள், இல்லை.

மருந்து என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம், ஒமெப்ரசோலின் நெருங்கிய உறவு. மாறியது சாப்பிடும் முறை. அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வந்ததும் வேலையைத் தொடங்குகின்றன, அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். அதனால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும், எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டு வாரம். என் அட்டவணையைப் பார்த்து, “4.45க்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, 5.20க்குத் தேநீர்” என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஆறு ஆண்டுகளாக அந்த மாத்திரையை நான் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, எரியும்போது மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

காரத்தை விடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விடுங்கள், ஆனால் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள் என்றார். இப்போது டியூஷன் வகுப்பு நடக்கும்போது 7.15க்கு வேனில் உட்கார்ந்து, மனைவி கொடுத்தனுப்பும் சோற்றைச் சாப்பிடுகிறேன். தலையணையை அடுக்குவது உதவாது, இடுப்பு மடங்கி வயிற்றைத்தான் அழுத்தும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களை உயர்த்துங்கள் என்றார். தச்சரிடம் 15 சென்டிமீட்டர் உயர மரக்கட்டைகள் இரண்டு வாங்கி வைத்தேன். முதல் வாரம் மனைவி கால்பக்கம் வழுக்கிக்கொண்டே போனாள். இடப்பக்கம் படுப்பதும் பழகிவிட்டது.

இரண்டு மாதத்திற்குப் பிறகு மீண்டும் எண்டோஸ்கோப்பி. புண் இருக்கும்போது மறைந்திருப்பது ஆறிய பிறகுதான் தெரியும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். புண் ஆறியிருந்தது. ஆனால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்திற்கு, நாக்கு வடிவில், செம்மண் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. சதைத்துணுக்கு முடிவு வந்தபோது பாரெட் உணவுக்குழாய் என்றார். 1950இல் இதைப் பற்றி எழுதிய நார்மன் பாரெட் என்ற பிரிட்டன் அறுவை மருத்துவரின் பெயர். அமிலம் பட்டுப் பட்டு, உணவுக்குழாயின் உள்தோல் குடலின் தோலைப்போல் மாறிவிடுவது. புற்றுநோய்க்கு முந்தின படியாகலாம் என்று சொன்னபோது என் காது அடைத்துக்கொண்டது. அவர் அவசரப்படாமல், என்னுடையதைப் போன்ற மாற்றம் புற்றுநோயாவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றும், மாத்திரையை நிறுத்தாமல் மூன்று ஆண்டு கழித்து மீண்டும் பார்ப்போம் என்றும் சொன்னார். மகனிடமும் ஒரு முறை, அதே நிதானத்தோடு, திருப்பிச் சொன்னார். இதற்காகவே அவரைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகள் உண்டு. காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வர மூன்றரை மணி நேரம், அதுவும் வெறும் வயிற்றில். முகப்பில் இருந்தவர்கள் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய குறிப்பு ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே இருந்தது. என் மாமியார் வயதுள்ளவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அந்தத் தமிழ்த் தாதி விடுப்பில் இருக்கும் நாளில், “எதுக்களிக்கிறதா” என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஒரு பக்கத்தில் பத்துக் கேள்விகளைத் தமிழில் அச்சடித்து வைப்பது பெரிய செலவில்லை. கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

முதல் எண்டோஸ்கோப்பியின் பில் இரண்டாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. அட்டை இல்லாதவர்கள் அதைப் பார்த்துத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அரசு கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போகலாம். குடிமக்களுக்குப் பார்வைக் கட்டணம் ஐந்து வெள்ளிதான். காத்திருக்க வேண்டியிருக்கும். சாப்பாடு சிக்குகிறது என்பதை மட்டும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.